அந்த அழுகை என் பெட்டியில் பிறந்தது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தது போதும் என்று முடிவு செய்து இதை எழுதுகிறேன். முறைப்படி முதலில் நலம் சொல்ல வேண்டும். நாங்கள் நலம். நீங்கள் நலமாக இருப்பது இந்த மாத இதழின் அட்டையிலேயே தெரிகிறது. ஒலிப்பதிவுக்காரர்களுக்கென்று நடக்கும் பத்திரிகையின் அட்டையில் ஒரு மைக்கின் படத்தைக்கூடப் போட மனசில்லாமல், ஆசிரியர் தம்முடைய படத்தையே போட்டுக்கொள்ளும் அளவுக்கு நலம். சகலை என்ற உறவை இந்தக் கடிதத்தில் நான் இழுக்கப் போவதில்லை. நாம் இருவரும் ஒரே வீட்டில் பெண் எடுத்தோம், நான் அக்காவை, நீங்கள் தங்கையை, அது தற்செயல். இது ஒரு வாசகர் ஆசிரியருக்கு எழுதும் கடிதம். வெட்டாமல், திருத்தாமல், அடுத்த இதழிலேயே இதை முழுதாக வெளியிட வேண்டும்.

'பெட்டிகளைப் பரணில் போடுங்கள்' என்ற உங்கள் கட்டுரையைப் படித்தேன். பழைய சாம்ப்ளரை நீங்கள் கிழித்திருக்கும் கிழியைப் படித்தேன். சாம்ப்ளர் என்றால் என்னவென்று உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். வீட்டில் உள்ளவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்லிவிடுகிறேன். கதவு சாத்தும் சத்தமோ, வயலினின் ஒரே ஓர் இழுப்போ, எதையாவது உள்ளே பதிந்துவைத்துக்கொண்டு, அதைக் கீபோர்டின் எந்தக் கட்டையிலும் வாசிக்கத் தருகிற இயந்திரம் அது. அதைப் பயணப்பெட்டி என்கிறீர்கள். அதன் நினைவகத்தில் ஒரு முழுத் தும்மல்கூட அடங்காது என்கிறீர்கள். பிளாப்பித் தட்டைப் போட்டால் அது ஏறுவதற்குள் குளித்துவிட்டு வரலாம் என்கிறீர்கள். குளித்துவிட்டு வந்தவன் என்ற முறையில் அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கடைசிப் பத்தியில், "நமக்குத் தெரிந்த ஒருவர் இன்னும் அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளுகிறார்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒருவர் நான்தான் என்று எனக்கு முதலில் சொன்னது எங்கள் ஸ்டூடியோவுக்கு டீ கொண்டுவருகிறவர். "சார், உங்களைப் பத்திப் போட்டிருக்கு, பேரு மட்டும்தான் போடல" என்று டம்ளரை வைத்தார். பக்கத்து அறையில் டப்பிங் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வந்து கைகொடுத்துவிட்டுப் போனார்கள். எதற்குக் கைகொடுத்தார்கள் என்று இன்றுவரை புரியவில்லை.

இதற்கும் மேலே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். மாலைதோறும் வருகிற அந்தத் தொலைக்காட்சித் தொடரில் கதாநாயகி அழும்போதெல்லாம் பின்னால் ஓர் ஒலி வரும். புல்லாங்குழலும் இல்லை, மனிதக் குரலும் இல்லை, இரண்டுக்கும் நடுவே எங்கேயோ தொண்டை அடைத்துக்கொண்டு வரும் ஒரு சத்தம். அது வந்ததும் வீட்டில் கைவேலையாக இருப்பவர்கள் வேலையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். தொழிலில் அதற்கு அழுகை என்றே பெயர். "அழுகை எங்க வரணும் சார்" என்று எடிட்டர் கேட்பார், நான் வந்து போடுவேன். இந்தத் தொழிலில் நான் செய்தவற்றில் மற்றவர்களுக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான். அந்த அழுகையை உங்கள் மடிக்கணினியில் 'ஒரே சொடுக்கில்' கொண்டுவந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எழுதியதோடு நிற்காமல் தொடரின் இயக்குநருக்கு அனுப்பியும் வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் இதழ் வந்த மறுநாளே இயக்குநர் போன் செய்தார். எத்தனை தடவை போட்டுக் காட்டினாலும் "இன்னொண்ணு" என்று கேட்பதால் எல்லோரும் அவரை இன்னொண்ணு என்றுதான் சொல்வார்கள். அன்று அவர் இன்னொண்ணு கேட்கவில்லை. "சார், தப்பா நினைக்காதீங்க. உங்க சகலை ஒரு சத்தம் அனுப்பிச்சாரு. அப்படியே உங்க அழுகைதான். வித்தியாசமே தெரியல" என்றார்.

"வித்தியாசம் தெரியலைன்னா என்னோடதையே வெச்சுக்கலாமே" என்றேன்.

"இல்ல சார், இது சீக்கிரம் அழுவுது."

அடுத்த மாதத்திலிருந்து நான் 'கொஞ்சம் ஓய்வெடுக்கலாம்' என்பதும் அந்தப் பேச்சிலேயே இருந்தது. நான் விடவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்றேன். அவரும் சரி என்றார். அன்று நடந்ததை நீங்கள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். நடந்தது என்னவென்று நானும் சொல்லவேண்டும் அல்லவா?

பெட்டியைப் போர்வையில் சுற்றும்போதே என் மனைவி வாசற்படியில் நின்று, "மூத்தவளுக்கு நல்லாப் போர்த்தியாச்சா? குளிரப் போவுது" என்றாள். இந்த வீட்டுக்கு அவள் வருவதற்கு முன்பே பெட்டி வந்துவிட்டது என்பதால் அதை மூத்தவள் என்றுதான் அவள் சொல்வது. டாக்ஸியில் பின் இருக்கையில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, "என்ன சார் அது?" என்றார். வாத்தியம் என்றேன். "ரிப்பேருக்கா?" "இல்ல, வாசிக்க." இறங்கும்போது அவர், "பாத்துப் போங்க சார்" என்று வயதானவர்களிடம் சொல்கிற குரலில் சொன்னார். தொடர் தயாராகும் அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை என்பது உங்களுக்கும் தெரியும். உங்களுக்குத் தெரிந்து என்ன, நீங்கள் ஒரு நோட்டுப் புத்தகம் கனத்தில் ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு விசிலடித்தபடி ஏறினீர்கள். வாசலில் காவலாளி என்னை மட்டும் நிறுத்திப் போர்வையைப் பிரிக்கச் சொன்னார். பிரித்தேன். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "துணி எந்தப் பக்கமா போடறது சார்?" என்று கேட்டார். நான் இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன். அந்தப் படிக்கட்டில் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்து, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள மேலே வந்து சேர்ந்தபோது, நீங்கள் சோபாவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "வாங்க அண்ணா, லிஃப்ட் இல்லையாமே, எனக்கு அது தெரியவே இல்ல" என்றீர்கள்.

முதல் தட்டைப் போட்டேன். பெட்டி உறுமிக்கொண்டே படித்தது. திரையில் கதாநாயகி முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்க அழுகிறாள், நான் கட்டையை அழுத்துகிறேன், நாய் குரைக்கிறது. தட்டுகளை என் மனைவி நிறவாரியாக அடுக்கி வைத்திருக்கிறாள், அழுகையும் நாயும் ஒரே நீலம்; இதில் பெட்டியின் குற்றம் எங்கே வந்தது? இயக்குநர் "இன்னொண்ணு" என்றார். நீங்கள் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். சிரித்து முடித்து உங்கள் மடிக்கணினியைத் திறந்தீர்களே, அதை ஏன் யாரிடமும் சொல்வதில்லை? திறந்ததும் அது உங்களைக் கேட்காமல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ள ஆரம்பித்தது. முடியும்வரை அணைக்க வேண்டாம் என்று உங்களுக்கே உத்தரவு போட்டது. நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து ஒரு வட்டம் சுற்றுவதைப் பார்த்தோம். டீ வந்தது, குடித்தோம், வட்டம் சுற்றியது. இயக்குநர் இரண்டு போன் பேசிவிட்டு வந்தார், சுற்றியது. இதற்குள் நான் சரியான தட்டைத் தேடிப் போட்டு அது ஏறி முடிந்துவிட்டது. என் பெட்டி நாயாகக் குரைத்தாலும் நான் அழுத்தியபோதுதான் குரைத்தது. உங்கள் கருவி உங்களைச் சோபாவில் உட்காரவைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது. இதைக் கட்டுரையில் எந்தப் பத்தியில் சேர்க்கலாம் என்று யோசியுங்கள்.

கடைசியில் இரண்டும் அழுதன. ஒன்றுபோலத்தான் இருந்தன, இல்லையென்று சொல்லமாட்டேன். தொலைக்காட்சியில் வந்ததைப் பிடித்து எடுத்து வைத்துக்கொண்டால் ஒன்றுபோல இல்லாமல் வேறெப்படி இருக்கும்? அப்போதுதான் இயக்குநர், "ரெண்டும் ஓகே. ஆனா இன்னிக்கு இந்தப் பொண்ணோட அம்மா செத்துட்டாங்க. இந்த அழுகை பத்தாது. இன்னும் கீழே இறக்கிக் குடுங்க" என்றார். நான் கீழ்க்கட்டைக்குப் போனேன். என் பெட்டியில் கீழே போகப் போகச் சத்தம் தாழ்வதோடு நீளவும் செய்யும். இழுபடும், தளரும், நடுவில் தேம்பும். பிறகு நீங்கள் இறக்கினீர்கள். உங்கள் கருவி புத்திசாலி. நீளத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் இறக்கியது. ஜலதோஷம் பிடித்த ஓர் ஆள் அவசரமாக மூக்கைச் சிந்துவதுபோல் இருந்தது. மேக்கப் போடும் அம்மா வாசலில் நின்று கேட்டுவிட்டு, "யாரு சார் இது, பொண்ணோட அப்பாவா?" என்றார். நான் சிரிக்கவில்லை. நாய்க்கு நீங்கள் சிரித்தீர்கள், அப்பாவுக்கு நான் சிரிக்கவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த இயக்குநருக்கு எதையும் முடித்துப் பழக்கமில்லை. அந்தத் தொடரைப் பார்த்தாலே தெரியும். "எனக்குக் காது கொழம்பிடுச்சு. சார்தான் ஆசிரியர், பொதுவான ஆளு, நியாயமாச் சொல்லுவாரு. அவர் எதைச் சொல்றாரோ அதை வெச்சுக்கலாம்" என்று உங்களைக் காட்டினார். போட்டியில் ஓடுகிறவரிடமே விசிலைக் கொடுத்துவிட்டார். நீங்களும் ஒரு தடவைகூட மறுக்காமல், "பாக்கலாம் சார், அடுத்த இதழ்ல என் முடிவை எழுதிடறேன்" என்றீர்கள். படி இறங்கும்போது, பெட்டிக்கு அடியில் நான் மூச்சுவாங்கிக்கொண்டிருக்க, என் காதருகே வந்து, "மனசுல வெச்சுக்காதீங்க அண்ணா. உங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கறேன். பெட்டியோட ஒரு போட்டோ எடுத்து, அந்தக் காலம்னு தலைப்புப் போட்டு நல்லாப் பண்ணிடலாம்" என்றீர்கள்.

மனசில் வைத்துக்கொள்ளாமல் எங்கே வைத்துக்கொள்வது? மாமனார் மருத்துவமனையில் படுத்திருந்தபோது, பார்க்க வந்தவர்களிடம் உங்களை "பத்திரிகை ஆசிரியர்" என்றும் என்னை "டிவியில சத்தம் போடறவர்" என்றும் நீங்களே அறிமுகம் செய்துவைத்ததை மனசில்தான் வைத்திருக்கிறேன். என் சிவப்பு ஒயரை 'ஒரு நாளைக்கு' என்று வாங்கிக்கொண்டு போனீர்கள். அது உங்கள் வீட்டில் துணி காயப்போடுகிற கொடியாகத் தொங்குவதைப் பார்த்துவிட்டு வந்து மனசில்தான் வைத்தேன். உங்கள் வீட்டு விருந்தில் எப்போதும் கைகழுவுகிற இடத்துக்கு அருகில்தான் எனக்கு நாற்காலி. அதுவும் இங்கேதான் இருக்கிறது. இடம் நிரம்பிவிட்டது. இனிமேல் உங்களிடம் சொல்லவேண்டியதுதான்.

ஆகவே கேளுங்கள். அந்த அழுகை அழுகையே இல்லை. அது சிரிப்பு.

நீங்கள் திருமணமாகிப் புதிதாக எங்கள் வீட்டுக்கு வந்த நாள். கூடத்தில் நின்றுகொண்டு, கையில் டீயோடு, "இனிமே உலகத்துல எல்லாமே சைபரும் ஒண்ணும்தான்" என்று பெரிய பேச்சுப் பேசினீர்கள். கேட்டுக்கொண்டிருக்க எனக்குப் பொறுக்கவில்லை. வேலை இருக்கிறதென்று உள்ளறைக்குப் போய், ஒரு கிண்ணத்தில் கரண்டியால் தட்டிப் பதிந்துகொண்டிருந்தேன். டேப் ஓடிக்கொண்டிருந்தபோது, சமையலறைப் பக்கமிருந்து ஒரு பெண்சிரிப்பு வந்து நடுவில் விழுந்தது. கிண்ணத்தின் சத்தம் பாழ். ஆனாலும் அதைப் பெட்டிக்குள் ஏற்றிப் பார்த்தேன். நினைவகம் சிறியது என்று கேலி செய்தீர்களே, உண்மைதான். அதனால்தான் டேப்பை வேகமாக ஓடவிட்டு, சத்தத்தைச் சுருக்கி உள்ளே அடைக்கவேண்டியிருந்தது, வாசிக்கும்போது கீழ்க்கட்டைக்குப் போய் இழுக்கவேண்டியிருந்தது. கை தவறி இன்னும் கீழே போய்விட்டது. சிரிப்பு நீண்டது. 'ஹ' என்று துள்ளியது ஒவ்வொன்றும் ஒரு தேம்பலாக மாறியது. நான் விரலை எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தேன்.

யாருடைய சிரிப்பு என்று கேட்பீர்கள். உங்கள் மனைவியுடையது. யாரைப் பார்த்து என்று கேட்கமாட்டீர்கள். இருந்தாலும் சொல்கிறேன். கூடத்தில் அந்த நேரம் சிரிக்கும்படியாகப் பேசிக்கொண்டிருந்தவர் நீங்கள் ஒருவர்தான். இத்தனை வருடம் மாலைதோறும் வீடுவீடாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள் எல்லாம், கல்யாணமான புதிதில் உங்களைப் பார்த்து உங்கள் மனைவி சிரித்த சிரிப்புக்குத்தான் அழுதார்கள். நீங்களும் அழுதிருக்கிறீர்கள். அதை நானே என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதே சிரிப்பை உங்கள் மடிக்கணினியில் இறக்கிப் பார்த்திருந்தால், கட்டைக்குரலில் ஓர் ஆள் சிரித்திருப்பான், நீங்கள் அழித்துவிட்டுப் போயிருப்பீர்கள். இழுத்து இறக்குகிற வசதி அதிலும் இருக்கிறது என்பீர்கள். இருக்கும். ஒரு பட்டியலைத் திறந்தால் அதற்குள் இன்னொரு பட்டியலில் எங்கோ ஒளிந்திருக்கும். தேவைப்படாதவன் அதைத் தேடமாட்டான். அழுகை அங்கே கிடக்கிறது என்று தெரிந்தால்தானே தேவைப்படும்? என் பெட்டிக்கு இடம் பற்றாது, நேரம் பிடிக்கும், சுருதியை இறக்கினால் கூடவே வேகமும் இறங்கிவிடும். இத்தனை குறையும் சேர்ந்து பெற்ற பிள்ளை அது. குறையையெல்லாம் நீக்கிவிட்டேன் என்கிற நீங்கள், பிள்ளையை மட்டும் உங்களுடையது என்கிறீர்கள்.

இதையெல்லாம் அடுத்த இதழில், உங்கள் முடிவு வெளியாகிற அதே பக்கத்தில், உங்கள் படத்துக்கு நேர் கீழே போடவேண்டும். பெட்டி பரணுக்குப் போகாது. நானும் ஓய்வெடுக்கப் போவதில்லை. 'அந்தக் காலம்' என்று யாராவது என்னைப் போட்டோ எடுக்க வந்தால், நாய்த் தட்டைப் போட்டு வைத்திருப்பேன். இதில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறப்போவதில்லை.

உங்கள் மனைவிக்கு என் அன்பான விசாரிப்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து, பெரியப்பாவிடம் வாங்கியதைத் திருப்பித் தருகிறவர்களாக வளர என் ஆசிகள். உங்கள் மடிக்கணினிக்கு அடுத்த புதுப்பிப்புவரை நீண்ட ஆயுள் உண்டாகட்டும்.

இப்படிக்கு,

பின்குறிப்பு: கையெழுத்துப் போடும் முன், எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லிக் கடிதத்தை என் மனைவியிடம் கொடுத்தேன். அவள் பிழை பார்க்கவில்லை. பாதியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது யாரு சிரிப்புன்னு எழுதியிருக்கீங்க?" என்றாள்.

"உன் தங்கச்சி சிரிப்பு."

"அவ அன்னிக்குச் சமையலறையிலேயே இல்லையே. மாடியில காஞ்ச துணியை எடுத்துட்டிருந்தா."

"அப்போ யாரு?"

"நான்தான்."

நான் நம்பவில்லை. தட்டைப் போட்டேன். இருவரும் பெட்டியின் முன்னால் காத்திருந்தோம். ஏறியதும், இத்தனை வருடத்தில் நான் தொடாத மேல்கட்டைக்குப் போய், சிரிப்பைச் சிரிப்பாகவே வாசித்தேன். அவள் கேட்டுக்கொண்டே சிரித்தாள். பெட்டிக்குள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக ஒரே சிரிப்பு கேட்டது. முடிகிற இடத்தில் மூச்சு உள்ளே இழுத்துக் கொக்கிபோல் மாட்டுகிறதே, அதுகூட ஒன்றாகவே மாட்டியது. "சரி, சகலை பேசினதைக் கேட்டுத்தானே சிரிச்சே?" என்றேன். எனக்கு அதாவது மிஞ்சவேண்டும்.

"அவர் பேசினது எனக்கு எங்க கேட்டுது? நீங்க உள்ளே அந்தப் பெட்டிகிட்ட, 'கொஞ்சம் பொறுத்துக்கோங்க, இதோ ஆயிடும், கோவிச்சுக்காதீங்க'ன்னு கெஞ்சிட்டிருந்தீங்க. என்னை ஒரு நாளாவது அப்படிக் கேட்டிருப்பீங்களா? அதான் சிரிச்சேன்."

உடனே தங்கைக்குப் போன் போட்டுச் சொல்லியும் விட்டாள். அந்தப் பக்கமும் சிரிப்பு. ஆகவே இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே எல்லாம் உங்கள் காதுக்கு வந்திருக்கும். இன்னொன்றும் சொல்லச் சொன்னாள், அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன்: "என் சிரிப்பை இவர் அழ வெச்சாரு, சரி, புருஷன். தங்கச்சி வீட்டுக்காரர் எதுக்கு அழ வைக்கணும்? அந்த மடிக்கணினியிலேருந்து எடுத்துடச் சொல்லுங்க. இல்லேன்னா அந்த டைரக்டருக்கு நானே போன் பண்றேன்." அவள் செய்வாள். உங்கள் முடிவை எழுதும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

வெளியிட்டே ஆகவேண்டும் என்று மேலே எழுதியதை நான் அடிக்கவில்லை. அடித்தால் பயந்துவிட்டேன் என்பீர்கள். எழுதியது எழுதியதுதான். ஆனால் கையெழுத்தில்லாத கடிதங்களை வெளியிடுவதில்லை என்று உங்கள் இதழில் மாதாமாதம் கட்டம் கட்டிப் போடுகிறீர்கள். அந்தப் பத்திரிகையில் நான் மனதார ஏற்றுக்கொள்கிற ஒரே வரி அது. ஆகவே 'இப்படிக்கு' என்பதற்குக் கீழே உள்ள இடத்தை வெறுமையாகவே விட்டு, இதைத் தபாலில் சேர்க்கிறேன்.